கதிரவன் வெப்பமும் நம் இல்லமும்
(வெள்ளி விழாக் கல்வி அமர்வில் ஒரு தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



கதிரவன் வெப்பத்தால் வீட்டைச் சூடாக்கும் முறை பற்றிப் பேச விழைகிறோம். சித்திரை வெயிலில் 40 டிகிரி காயும் திருச்சிராப்பள்ளிக்கு இது எதற்கு என நீங்கள் நகைக்கலாம். வெப்பத்தை வீட்டுக்குள் நிறுத்தும் வழி அறிந்தவருக்கே அதை வெளியில் நிறுத்தும் வழியும் புலப்படும்.

முதலில் லடாக் செல்வோம். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு விறகு அரிது. குளிர்காலத்தில் நீர் உறைந்துவிடும். 1988ஆம் ஆண்டு சோனம் வாங்சுக் முதலிய இளைஞர்கள் அங்கே 'செக்மோல்' என்னும் கல்வி இயக்கத்தைத் தொடங்கினர். அந்நாளில் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிய லடாக் மாணவருள் மிகப் பெரும்பாலோர் தோல்வியுற்றனர். பாடமும் பாடமொழியும் அவர்தம் வாழ்வுக்கு அயலாக இருந்தன. தேறாதவர் என ஒதுக்கப்பட்ட அம்மாணவர்களுக்காக லே அருகே 'பே' என்னும் சிற்றூரில் ஒரு பள்ளி வளாகம் எழுந்தது. அதைக் கட்டும் பணியில் மாணவர்களும் உழைத்தனர்.

அதன் சுவர்கள் இடித்து இறுக்கிய மண்ணால் ஆனவை. தெற்கு நோக்கி அகன்ற கண்ணாடிச் சன்னல்கள் உள்ளன. குளிர்காலத்தில் கதிரவன் தென்வானில் தாழ்ந்து செல்வதால், வெயில் அறையின் உட்புறம் வரை பாய்கிறது. கண்ணாடி ஒளியை உள்ளே விடும். சூடேறிய தரையும் சுவரும் உமிழும் வெப்பக் கதிரை எளிதில் வெளியே விடாது. பகலில் வெப்பத்தை ஏற்ற தடித்த சுவர், இரவில் அதை மெல்ல வெளியிடும். வெளியே உறைநிலைக்கு 15 டிகிரி கீழிருக்கும் வேளையிலும் உள்ளே ஏறத்தாழ 15 டிகிரி நிலவுகிறது. 2016இல் இக்கட்டடம் மண் கட்டடக் கலைக்கான பன்னாட்டு 'டெர்ரா' விருதைப் பெற்றது.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கு ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் நண்பகல் கதிரவன் நேர் உச்சியில் நிற்கிறான். ஆகவே வெப்பம் முதலில் தாக்குவது கூரையையே. காலனி வீட்டின் மெல்லிய கான்கிரீட் தளம் பகலெல்லாம் ஏற்ற வெப்பத்தை இரவில் தலைமேல் இறக்குகிறது. லடாக்கில் மாணவரைக் காக்கும் அதே விதி, இங்கே பொதுத்தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளையின் உறக்கத்தைப் பறிக்கிறது. திருவரங்கத்துப் பழைய வீதி வீடுகளுக்குத் தடித்த சுவரும் முற்றமும் உண்டு. செங்கல் அறுத்தும் மணல் சுமந்தும் பிறர்க்கு வீடு எழுப்பிய நம் முன்னோர்க்கு அவை வாய்க்கவில்லை.

இதற்கு மாற்று உண்டு. மொட்டை மாடிக்கு ஆண்டுதோறும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிவிடும். தட்டோடு பதித்தல் இன்னும் நன்று. மேற்குச் சுவரருகே வேம்பும் புங்கும் நிழல் தரும். எதிரெதிர்ச் சன்னல்கள் இரவில் வெப்பத்தை வெளியேற்றும். தொகுப்பு வீடு ஒதுக்கப்படும்போது, "தளத்திற்குத் தட்டோடு உண்டா? எதிரெதிரே சன்னல் உண்டா?" என்று வரைபடத்தைக் கையில் வைத்துக் கேட்க நம் இளைஞர்கள் கற்க வேண்டும். மனு எழுதத் தெரிந்த கைக்கு அறிவியலும் தெரிந்தால், அம்மனுவை எளிதில் தள்ள இயலாது.

கூரையில் வீழும் வெப்பம் பயனும் தரும். கறுப்புப் பூசிய செப்புத் தகடும், அதன்மேல் கண்ணாடியும், உயரே ஒரு தொட்டியும் போதும். சூடான நீர் இலேசாகித் தானே மேலேறும். குளிர்ந்த நீர் கீழிறங்கும். ஏறத்தாழ 2 சதுர மீட்டர்த் தகடு, நல்ல வெயில் நாளில் 100 லிட்டர் நீரை 60 டிகிரி வரை சூடாக்கவல்லது. அதையே மின்சாரத்தால் செய்ய 4 யூனிட் வேண்டும். மாணவர் விடுதிச் சமையலறைகளில் இக்கருவி அமைந்தால் விறகும் புகையும் குறையும்.

கொதிகலன் செய்யும் பெல் தொழிற்சாலை திருவெறும்பூரில் இருக்கிறது. வெப்பத்தை வைத்துத் தொழில் செய்யும் ஊர் நம்முடையது. ஐ.டி.ஐ.யில் பிட்டர், வெல்டர், பிளம்பர் படிக்கும் இளைஞர்களே, இக்கருவியைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். இயற்பியல் கடினம் என ஒதுங்கும் தம்பி தங்கையரை மாலையில் அமர்த்திப் பாடம் சொல்லுங்கள்.

வெயிலில் உழைத்தே நம் தலைமுறைகள் கழிந்தன. இனி அவ்வெயில் நமக்காக உழைக்கட்டும். வளர்க நம் சங்கம்!