கைபேசிக்குக் காது உண்டா?

உங்கள் முன்னுள்ள வானொலிப் பெட்டி பேசுமேயன்றிக் கேளாது. கைபேசி அத்தகையதன்று.

சென்ற மாதம் காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கிணற்று மோட்டார் பழுதுபட்டதைப் பற்றி மகனும் நானும் பேசினோம். மாலையில் என் கைபேசியில் மோட்டார் விளம்பரம் தோன்றிற்று! “தாத்தா, இது ஒட்டுக் கேட்கிறது” என்றான் பேரன்.

எனக்கும் ஐயம் எழுந்தது. ஆயினும் ஐயத்தையே தீர்ப்பாகக் கொள்ளுதல் ஆசிரியனுக்கு அழகன்று. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2018-இல் பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்தனர். பேச்சைக் களவாக அனுப்பிய செயலி ஒன்றேனும் அவர்களுக்கு அகப்படவில்லை. ஆனால், திரையில் நாம் செய்வதைப் படமெடுத்துப் பிறர்க்கு அனுப்பிய செயலி அகப்பட்டது!

விசாரித்தபோது, மகன் முந்திய இரவே மோட்டார் விலையைத் தேடியிருந்தான் எனத் தெரிந்தது. இருவர் கைபேசியும் ஒரே வைஃபையில் இயங்குபவை. எங்கிருக்கிறோம், எதைத் தேடினோம், எவருடன் வாழ்கிறோம் என்பவற்றைக் கூட்டிக் கணக்கிட்டால், காது எதற்கு? பொருந்தாமற் போன விளம்பரங்களையோ நாம் மறந்துவிடுகிறோம்.

அண்டை மாநிலமாகிய கருநாடகத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24-இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மர், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அத்துணை அரிய உரிமையை நாம், செயலி கேட்கும் அனுமதியைப் படியாமலே ‘சரி’ எனத் தொட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

பேரனின் கைபேசியைப் பார்த்தேன். டார்ச்சு விளக்குச் செயலி அவன் இருப்பிடத்தை அறிய அனுமதி பெற்றிருந்தது. விளக்குக்கு முகவரி எதற்கு என்று கேட்டேன். அவனுக்கு விடை தெரியவில்லை, செயலியை நீக்கிவிட்டான்.