சிறு பெட்டியும் மிகைவேகமும்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளின் மேல்மாடியிற் கொழுந்து வாட்டப்படுகிறது. நீண்ட வலைத் தட்டுகளிற் கொழுந்தைப் பரப்பி, கீழிருந்து விசிறியாற் காற்றைச் செலுத்துவர். கொழுந்து அளவுக்கு மிஞ்சிக் குவிந்துவிட்டால் காற்று ஊடுருவாது. விசிறி எத்துணை விரைவாகச் சுழன்றாலும் பயனில்லை. லயன் அறையின் ஒரு மூலையில் அடங்கிவிடும் சிற்றுருக் கணினிக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

இத்தகைய கணினிகள் பலவற்றில் மடிக்கணினிக்குரிய நினைவகத் தகடுகளே பொருத்தப்படுகின்றன. ஏறத்தாழ ஏழு சென்ரிமீற்றர் நீளமும் மூன்று சென்ரிமீற்றர் அகலமும் உடைய அவை, பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். விசிறியின் காற்று மையச் செயலியை நோக்கியே செல்லும். நினைவகத்துக்குக் கிட்டுவது சிறிதே.

நினைவகத்தின் நுண்ணறை ஒவ்வொன்றும் சிறிதளவு மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் கொள்ளளவியாகும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ரொபேட் டெனார்ட் இவ்வமைப்புக்கு 1968 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஓட்டைக் குடத்து நீர்போல அம்மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். ஆதலால் டீடீஆர்4 வகையில் 64 மில்லிசெக்கனுக்குள் எல்லா அறைகளும் புதுப்பிக்கப்படுகின்றன. வெப்பம் 85 பாகை செல்சியசைக் கடந்தால் கசிவு மிகுவதால், அக்காலம் பாதியாகக் குறைக்கப்பட வேண்டும்.

‘ஓவர்குளொக்கிங்’ எனப்படும் மிகைவேகமூட்டல் என்பது, நினைவகத்தை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் இயக்குதலாகும். சிற்றுருக் கணினிகளில் திரைக்காட்சிச் செயலியும் முதன்மை நினைவகத்தையே பகிர்ந்துகொள்ளுவதால், இதனால் மெய்யான பயனும் உண்டு. எனினும் வேகத்தைத் தாங்க மின்னழுத்தத்தை 1.2 வோல்ற்றிலிருந்து 1.35 வோல்ற்றுக்கு உயர்த்தினால், அதன் வர்க்கத்துக்கு ஏற்ப மின்வலு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடும். அம்மின்வலு முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும்.

மலைநாட்டுக் குளிர் இதற்குப் போதாதோ என்று சிலர் வினவலாம். அப்புத்தளை கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீற்றரளவில் உள்ளது. அவ்வுயரத்திற் காற்றின் அடர்த்தி கடற்கரையினும் எட்டில் ஒரு பங்களவு குறைவு. அதே விசிறி அங்குக் குறைந்த திணிவுடைய காற்றையே தள்ளும். குளிர்ச்சியாற் பெறும் நன்மையில் ஒரு பகுதி இவ்வாறு கழிந்துவிடுகிறது. தாழ்வில் அமைந்த பதுளை நகரிலோ அக்குளிர்ச்சியும் இல்லை.

ஆகவே முதலில் செய்யத்தக்கது வேறு. தகடு ஒன்றே இருப்பின், அதற்கு இணையான இரண்டாவதைப் பொருத்துக. இரு வழி ஏற்பாடு உள்ள கணினியில், தரவு செல்லும் பாதை 64 பிற்றிலிருந்து 128 பிற்றாக இரட்டிக்கும். செக்கனுக்கு 2666 மில்லியன் பரிமாற்றங்களை 3200 மில்லியனாக உயர்த்தினாலோ, கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு ஏற்றமே. அதன்பின்னும் வேகம் வேண்டுவோர், பயாஸ் அமைப்பு இடந்தருமாயின், மின்னழுத்தத்தைத் தொடாது படிப்படியாக உயர்த்துக. தூசியை நீக்கி, அடிப்புறத் துளைகள் மேசையில் அழுந்தாதவாறு பெட்டியைச் சற்று உயர்த்தி வைத்தல் நன்று. வெப்பங் கடத்தும் மெல்லிய பட்டையினால் தகட்டை உலோக மூடியுடன் இணைப்பதும் உதவும். பெட்டியைத் திறக்குமுன் மின்னிணைப்பை அகற்றுதல் இன்றியமையாதது.

இறுதியாக, ‘மெம்டெஸ்ட்86’ போன்ற சோதனை நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுக. ஒரு பிழை தோன்றினும் பழைய வேகத்துக்கே திரும்புதல் வேண்டும். நினைவகத்தின் பிழை ஓசையிட்டு வருவதன்று. மாணவன் பல நாள் உழைத்து எழுதிய செயற்றிட்டத்தில் ஓர் எண் மாறி, அவ்வாறே சேமிக்கப்பட்டும் விடலாம். தாயும் தந்தையும் நாட்கூலியிற் சேமித்து வாங்கிய கணினியில், விரைவினும் நம்பகமே விலையுயர்ந்தது.