சொந்தக் கையெழுத்து

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், விடியுமுன்னே பஸ் பிடித்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும், கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே தூத்துக்குடி மில்லர்புரத்தில், ஒரு மாடி அறையில் நாங்கள் நான்கு பேர் வாடகைக்குத் தங்கிப் படித்தோம். ராத்திரி ஜன்னலைத் திறந்தால் பாளையங்கோட்டை ரோட்டில் உப்பு லாரி போகும் சத்தம் கேட்கும். நால்வரில் ஒருவனுக்கு எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். தமிழும் தண்ணீர் பட்ட பாடு. வகுப்பில் பாதிப் பேருக்கு அசைன்மென்ட் எழுதிக் கொடுப்பது அவன்தான். வெள்ளைத் தாளில் பென்சிலால் ஓரக்கோடு, தலைப்புக்குப் பச்சை ஸ்கெட்ச் பேனா, இடது மூலையில் கோத்த நூல். கூலி, சாயங்காலம் நைட் கிளப்பில் இரண்டு புரோட்டாவும் ஓர் ஆம்லேட்டும். வெளியூரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் நைட் கிளப் என்றால் புரோட்டாக் கடை.

அதே பேனாவால் அவன் காதல் கடிதங்களும் எழுதிக் கொடுத்தான். சங்க இலக்கியக் கட்டுரையில் திங்கட்கிழமை வந்த ஒரு வரி, வெள்ளிக்கிழமை யாரோ ஒரு பெண்ணுக்கான கடிதத்தில் வந்து நிற்கும். வாங்கிப் போனவர்கள் அதைத் தங்கள் மனசு என்று நம்பிக் கொடுத்தார்கள். எதிரில் இருந்தவள் கடிதத்தைப் படித்துவிட்டு நேரில் ஒரு கேள்வி கேட்டால், பதில் சொல்ல வாய் வராது.

நான் இப்போது தமிழ் வாத்தியார். மேஜைக்கு வரும் கட்டில் 52 தாள் இருந்தால், முப்பதுக்கு மேல் ஒரே வாக்கியத்தில் தொடங்குகின்றன. செல்போனிடம் கேட்டால் அது வழுவழுவென்று எழுதித் தந்துவிடுகிறது. நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஒட்டப்பிடாரத்திலிருந்தும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறீர்கள். சாயங்காலம் ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறீர்கள். கோடை விடுமுறையில் அம்மாவோடு உப்பளத்துக்குப் போய் உப்பு சுமக்கிறவர்கள் இந்த வரிசையிலேயே இருக்கிறார்கள். 25 மதிப்பெண் இன்டர்னலுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மேல் யோசிக்கத் தெம்பு எங்கே இருக்கும்?

ஆனாலும் ஒரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் மூன்றாம் செமஸ்டரில் இருந்தபோது, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரையிலும் குளத்தங்கரைகளிலும் ஊர் ஊராக மூழ்கியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. சில மாதம் கழித்து 'நீர் மேலாண்மை' என்று ஒரு தலைப்புக் கொடுத்தேன். எல்லோரும் மழைநீர் சேகரிப்பின் நன்மைகளை எழுதியிருந்தார்கள். ஏரல் பக்கத்துப் பையன் ஒருவன் மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். நடுராத்திரி தண்ணீர் வாசற்படி ஏறியதும் அவன் அம்மா முதலில் தேடியது அவனுடைய பிளஸ் டூ மார்க் ஷீட்டை. உரச்சாக்கில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டுத்தான் ஆட்டை அவிழ்க்கப் போனார். வடிந்த பிறகு ரெக்கார்டு நோட்டைக் கூரையில் காயப்போட்டார்கள். நீல மை பக்கத்துக்குப் பக்கம் இறங்கி, படங்கள் மட்டும் மிஞ்சின. வீட்டுக்குள் சேற்று வாசம் போக ஒரு மாதம் ஆயிற்று. இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசியில், எங்கள் குளத்தின் மடையை யார் பராமரிக்க வேண்டும் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை என்று முடித்திருந்தான். ஏழு எழுத்துப் பிழை. நீர் மேலாண்மையைப் பற்றி அந்த வருஷம் நான் படித்ததிலேயே உருப்படியான கட்டுரை அதுதான்.

தான் பட்டதைத் தன் வார்த்தையிலேயே சொல்ல அந்தப் பையனால் முடிந்தது. அதையே காதல் விஷயத்தில் செய்ய முடியாமல் நம் பிள்ளைகள் தவிப்பதைப் பார்க்கிறேன். பட்டமளிப்பு மேடையில் வாத்தியார் இதையெல்லாம் பேசலாமா என்று பின்வரிசையில் சில புருவம் உயர்கிறது. மூன்று வருஷம் பிள்ளைகளின் மனசில் பாதி நேரம் ஓடிய விஷயத்தைப் பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

பட்டணத்தில் டேட்டிங் என்கிறார்கள். இங்கே 'அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்காங்க' என்று சொல்கிறோம். எங்கே பேசுகிறார்கள்? ரோச் பூங்காவில், முத்துநகர் கடற்கரையில், பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில். வண்டியில் பின்னால் உட்கார்ந்த பெண் கண் மட்டும் தெரியத் துப்பட்டாவைச் சுற்றியிருக்கிறாள். வெயிலுக்காகவும்தான். சித்தப்பாவோ அண்ணனோ எதிரில் வந்துவிடுவார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

அந்தப் பயம் வீண் பயம் இல்லை என்பதுதான் என் துக்கம். 2025 ஜூலையில், ஏரலுக்குப் பக்கத்து ஊர்க்காரரான இளம் மென்பொருள் பொறியாளர் பாளையங்கோட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். காதலித்த பெண் வேறு சாதி. 2016-இல் நம் ஊர்த் தேவாலயம் ஒன்றுக்குள்ளேயே ஓர் இளம் ஆசிரியை வெட்டிக் கொல்லப்பட்டார். ஒருவனை வேண்டாம் என்று சொன்னது அவர் செய்த ஒரே காரியம். வேண்டும் என்று சொன்னாலும் அரிவாள், வேண்டாம் என்று சொன்னாலும் அரிவாள் என்றால், நம் பிள்ளைகள் எந்த வாயால் பேசுவார்கள்?

பெற்றோரே, கொஞ்சம் கேளுங்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயதானால் யாரைக் கட்டிக்கொள்வது என்பது அவர்கள் முடிவு. சாதி, மதம் பாராமல் பதிவு செய்துகொள்ளச் சிறப்புத் திருமணச் சட்டம் 1954-லிருந்து இருக்கிறது. வயது வந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ அவசியமில்லை என்று சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைச் சட்டப் பாடமாகச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் பேச வேண்டிய விஷயமாகச் சொல்கிறேன்.

சாதியைத் தாண்டுவது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. கப்பல் ஓட்டியதற்காக நாம் கொண்டாடும் வ.உ.சி., ஒட்டப்பிடாரத்தில் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த கண்பார்வையற்ற துறவி இராமையா தேசிகரைத் தன் வீட்டில் வைத்துப் பேணினார். உறவுக்காரர்கள் எதிர்த்தார்கள். அவர் மனைவி வள்ளியம்மை பின்வாங்கவில்லை. அதை வ.உ.சி. தன் சுயசரிதையில் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். துறைமுகத்துக்கும் கல்லூரிக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறோம். அந்த வீட்டில் வள்ளியம்மைக்கு இருந்த துணிச்சலைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

தம்பிகளே, உங்களுக்கென்று ஒன்று பாக்கி இருக்கிறது. இந்த ஊரில் பெண்களுக்கான தூய மரியன்னை கல்லூரி 1948-இல் வந்தது, வ.உ.சி. கல்லூரி வந்தது 1951-இல். பெண்கள் இங்கே கல்லூரியில் படிக்க ஆரம்பித்து முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. அவர்களுக்குச் சொந்த வார்த்தை உண்டு. அந்த வார்த்தை சில நேரம் 'இல்லை' என்று வரும்.

எங்கள் அறைக்காரனுக்கு வந்தது. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவன், இறுதியாண்டில் தனக்கென்று ஒரு கடிதம் எழுதினான். மூன்று ராத்திரி முயன்று நாலு வரிதான் வந்தது. அலங்காரம் ஒன்றுமில்லை. தன் பெயர், தன் அப்பா தோணியில் கூலி வேலை பார்ப்பது, தினமும் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்ப்பது, பேசலாமா என்ற கேள்வி. மறுநாள் அதே தாளின் பின்புறத்தில் பதில் வந்தது. 'நல்லாப் படிங்க. எனக்கு விருப்பமில்லை.' எங்களிடம் அதைக் காட்டினான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அன்றிலிருந்து வேறு பஸ்ஸில் போனான், அவளுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதென்று. ஒரு வாரம் புரோட்டாக் கடைக்கு வரவில்லை. எட்டாம் நாள் வந்து, இனிமேல் யாருக்கும் கடிதம் எழுதித் தர மாட்டேன், அவனவனே எழுதட்டும் என்றான்.

ஆறு வருஷத்துக்கு முன் அவன் அப்பா இறந்தபோது திரேஸ்புரம் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் அந்தப் பெண்ணும் கணவரும் நின்றிருந்தார்கள். அவள் அவனைப் பார்த்து, "அண்ணாச்சி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.