உள்ளானும் கரண்டிவாயனும்



பறவைகளை இனம் பிரிப்பது குறித்துச் சில வார்த்தைகள் சொல்லுகிறோம். குருவிக்கு இனம் உண்டென்றால் மனிதனுக்கும் ஜாதி உண்டல்லவா என்று கேட்க ஒரு கூட்டம் காத்திருக்கும். அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: எந்த விஞ்ஞானம் பறவைகளை ஆயிரக்கணக்கான இனங்களாகப் பிரிக்கிறதோ, அதே விஞ்ஞானம் மனிதர் அனைவரையும் ஒரே இனம் என்கிறது. அது கிடக்கட்டும்.

சேற்றில் ஓடி இரை பொறுக்கும் உள்ளானை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு வகைக்கு மட்டும் மூக்கின் நுனி கரண்டிபோல் அகன்றிருக்கும். உடம்போ ஒரு சாண்கூட இல்லை. ஸ்வீடன் தேசத்துப் பேரறிஞர் லின்னேயஸ் 1758ம் வருஷத்தில் இதற்குப் பெயர் வைத்தார். மூக்கைப் பார்த்தார், நாரைபோல் நெட்டைக்கால் கொண்ட கரண்டிவாயனோடு சேர்த்து, 'பிளாட்டலியா பிக்மியா', அதாவது குள்ளக் கரண்டிவாயன், என்று எழுதிவிட்டார். இருப்பிடம் தென் அமெரிக்காவிலுள்ள சூரினாம் என்றும் எழுதினார். இரண்டும் பிசகு! அது ருஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் முட்டையிட்டு, குளிர்காலத்தில் பர்மா, வங்காள தேசம் முதலிய கரைகளுக்கு வருவது. நமது கோடியக்கரையிலும் முன்பு கண்டிருக்கிறார்கள். சூரினாமில் எத்தனை வருஷம் தேடினால்தான் என்ன?

பிறகு நடந்ததென்ன? 1821ல் அதே ஸ்வீடனைச் சேர்ந்த நில்சன் என்பவர் அதைக் கரண்டிவாயனிடமிருந்து பிரித்து 'யூரினோரிங்கஸ்' என்று தனிப்பெயர் கொடுத்தார். அப்பொழுதும் அந்த மூக்குதான் அதைத் தனியாக நிறுத்தி வைத்தது. 2012ல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியோ, அது 'காலிட்ரிஸ்' என்னும் சாதாரண உள்ளான் கூட்டத்தின் நடுவிலேயே இருப்பதாகக் காட்டிற்று. மூக்கு என்பது வயிற்றுப் பிழைப்புக்கான கருவி. உறவில்லாத இரண்டு பறவைகளுக்கு ஒரே மாதிரிக் கருவி அமையலாம். கொல்லனும் கொத்தனும் சுத்தியல் வைத்திருப்பதால் அண்ணன் தம்பியாகிவிடுவார்களா?

தோழர்களே! லின்னேயஸ் சொன்னது தவறென்று சொன்னவன் நாக்கை அறுக்க வேண்டுமென்று எங்கும் விதி எழுதி வைக்கவில்லை. அவர் மதிப்பும் குறைந்துவிடவில்லை. அவர் வைத்த 'பிக்மியா' என்ற பாதிப்பெயர் இன்றும் நிற்கிறது. 'காலிட்ரிஸ் பிக்மியா' என்று எழுதி, பின்னால் லின்னேயஸ், 1758 என்றும் போடுகிறார்கள். ஆனால் அது பிறைக்குறிக்குள்! அவர் வைத்த இடத்திலிருந்து பறவை மாற்றப்பட்டிருக்கிறது என்பதற்கு அந்தப் பிறைக்குறியே அடையாளம்.