உதிரிக்கென்று வாங்கும் கார்



பழைய கார் ஒன்றை வீட்டிலேயே செப்பனிட்டு ஓட்டவேண்டும் என்னும் ஆசை நம் இளைஞர்கள் பலருக்கு உண்டு. அப்பா ஓட்டிய கார் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும். மகனுக்கோ ஸ்பேனர் பிடிக்கக் கை துறுதுறுக்கும். வேலையில் இறங்கிய பிறகுதான் சங்கடம் தெரியும். கதவுக் கைப்பிடிக்கு ஒரு கடை, விளக்குக்கு இன்னொரு கடை, எந்தக் கடையிலும் கிடைக்காத சாமான் பத்து. அப்போது யாராவது ஒருவர் சொல்லுவார்: "தம்பி, இதே மாதிரி இன்னொரு காரை வாங்கிக் கழற்றிவிடேன்!"

நல்ல யோசனைதான். ஆனால் அதை முறையாகச் செய்தவர்கள் குறைவு. பாதி கழற்றிய கார் ஒரு பக்கம், பாதி பூட்டிய கார் ஒரு பக்கம் என்று இரண்டும் புல்லில் புதைந்து கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே இன்று இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

எல்லோரும் அறிந்த புரோட்டோன் சாகாவையே எடுத்துக்கொள்வோம். 1985-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் நாள் வெளியான கார் அது. சாகா என்பது ஒரு மரத்தின் விதை. செக்கச்செவேலென்று பளபளக்கும் அந்த விதையைப் பிள்ளைகள் பொறுக்கிக் குப்பியில் போட்டு வைப்பார்களே, நம்மவர் மஞ்சாடி என்றும் ஆனைக்குன்றிமணி என்றும் சொல்வது அதைத்தான். பெயர் இந்த மண்ணின் பெயர். உள்ளமைப்பு மிட்சுபிஷி லான்சர் பியோரே என்ற ஜப்பானியக் காரின் அமைப்பு. 1.3 லிட்டர் எஞ்சின், கார்பரேட்டர், முன்சக்கரம் இழுக்கும் முறை. கம்ப்யூட்டர் வேலை அதில் இல்லை. கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் புரிந்துகொள்ளலாம். வீட்டில் பழகுவதற்கு இதைவிட ஏற்ற கார் இல்லை என்பது நம் கருத்து.

ஆனால் பெயர் ஒன்று என்பதால் சாமானும் ஒன்று என்று நினைத்துவிடக்கூடாது. முதலில் வந்த சாகாவின் எஞ்சினில் 8 வால்வுகள். 1987-இல் 12 வால்வு எஞ்சின் வந்தது. ஒன்றின் சிலிண்டர் மூடியும் அதன் கேஸ்கெட்டும் மற்றொன்றுக்குப் பொருந்தா. 1992-இல் வந்த ஈஸ்வராவில் முன்புறமும் பின்புறமும் மாறிவிட்டன. அதன் விளக்கையும் பம்பரையும் பழைய சாகாவில் வைக்க முடியாது. எனவே உதிரிக்கார் பார்க்கப் போகும்போது, நம் காருக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போகவேண்டும். அந்தச் சாமான்களைத் தனித்தனியே வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று பழைய சாமான் கடையில் விசாரித்து, பக்கத்தில் விலையும் குறித்துக்கொள்ளவேண்டும். உதிரிக்காரின் விலையோடு அதை இழுத்துவரும் லாரிக் கூலியையும் சேர்த்துப் பாருங்கள். வேண்டிய சாமான் நான்கைந்துதான் என்றால் கடையில் வாங்குவதே லாபம். முழுக்கார் வாங்குவது, பட்டியல் இரண்டு பக்கம் நீளும்போதுதான் கட்டுப்படியாகும்.

காசு கொடுக்கும் முன் காரின் பதிவுப் பத்திரத்தைக் கேளுங்கள். கெரான் என்கிறோமே, அதுதான். அதில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் காரில் பொறித்த எண்களோடு ஒத்திருக்கவேண்டும். விற்பவரும் பத்திரத்தில் உள்ளவரும் ஒருவரே என்று பார்த்து, கையெழுத்திட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். "பத்திரம் தொலைந்துவிட்டது, கழற்றத்தானே வாங்குகிறீர்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்பவரிடம் வாங்கவேண்டாம். திருட்டுக் கார் என்று பிறகு தெரிந்தால், விற்றவர் இருக்கமாட்டார். வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும். தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள் நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடவேண்டும். இடம் தோட்டத்துக்குச் சொந்தம் அல்லவா?

கார் வந்து சேர்ந்துவிட்டது. உடனே கழற்ற வேண்டாம். எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் முதலில் அதை ஓட்டிப் பாருங்கள். புகைபோக்கியில் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது என்று சந்தேகிக்கலாம். கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகமாகிறது. கியர் ஒவ்வொன்றாக விழுகிறதா, ஆல்டர்னேட்டர் மின்சாரம் தருகிறதா, துடைப்பான் ஆடுகிறதா என்று எல்லாவற்றையும் காரில் இருக்கும்போதே சோதித்து நோட்டில் எழுதிவிடவேண்டும். கழற்றித் தரையில் வைத்த ஸ்டார்ட்டர் நல்லதா கெட்டதா என்று சொல்லாது.

இனி வருவது உயிர் சம்பந்தப்பட்ட பேச்சு. கவனமாகக் கேளுங்கள்.

முதலில் பேட்டரியைக் கழற்றவேண்டும். அதிலும் நெகட்டிவ் கம்பியை முதலில். பிறகு டாங்கியில் உள்ள பெட்ரோலை இறக்கவேண்டும். குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கத்தை விடுங்கள். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலும் ஆபத்து, கைப்பம்பு மலிவுதான். திறந்த வெளியில், அடுப்பு இல்லாத இடத்தில், மூடியுள்ள தகரக் கேனில் இறக்குங்கள். சிகரெட் பற்றவைத்தவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும் தூரப் போகச் சொல்லுங்கள். காலியான டாங்கி பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குள் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். அதன் பக்கத்தில் வெல்டிங் நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது.

அடுத்தது ஜேக். ஜேக் காரைத் தூக்குவதற்கு மட்டுமே. தூக்கிய காரைத் தாங்கி நிற்பது அதன் வேலையாகாது. அதை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுத்தவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். இரும்புத் தாங்கிகள் வாங்குங்கள். முடியாவிட்டால் இரவல் பெறுங்கள். சிமெண்டுக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்தாதீர்கள். பாரம் தாங்காமல் அது திடீரென்று நொறுங்கும். நம் பக்கத்துச் செம்மண் மழை பெய்தால் குழைந்துவிடும். ஆகவே தாங்கிக்கு அடியில் கனமான பலகை வேண்டும். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்துக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள். தாங்கி நழுவினாலும் கார் சக்கரத்தின்மேல் உட்காரும். வேலை முடிந்து வந்த களைப்பில், அந்தி இருட்டில் இதைச் செய்யவேண்டாம். ஓய்வு நாள் காலையில், பக்கத்தில் ஒருவர் நிற்கச் செய்யலாம். சிறு பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்து காரைத் தள்ளியே வையுங்கள்.

எஞ்சினை மேலே தூக்கச் சங்கிலிக் கப்பி வேண்டும். அதை வீட்டு உத்தரத்தில் மாட்டக்கூடாது. கூரையைத் தாங்கத்தான் அந்த உத்தரம் போட்டார்கள். பால்மரக் கிளையிலும் வேண்டாம். காற்றுக்கே முறியும் மரம் அது. பட்டறையிலிருந்து எஞ்சின் தூக்கியை ஒருநாள் வாடகைக்கு எடுப்பதோ, அந்த ஒரு வேலைக்கு மட்டும் மெக்கானிக் ஒருவரை அழைப்பதோ மேல். குளிர்சாதனம் உள்ள கார் என்றால் அதன் வாயுவையும் அவரே எடுக்கட்டும்; குழாயை நாமாக அவிழ்த்தால் கைகண்ணைப் பொசுக்கிவிடும்.

இப்போது கழற்றும் முறைக்கு வருவோம். நம் காரைத் தொடுவதற்கு முன்பே உதிரிக்காரைக் கழற்றிவிடுவது நல்லது. உதிரிக்கார்தான் நமக்குப் பாடப்புத்தகம். போல்ட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது, எந்த கிளிப் உடையும், எதைக் கழற்றினால் எது வெளியே வரும் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். ஒன்று முறிந்தாலும் பெரிய நஷ்டமில்லை. அதே தவறு நம் காரில் நடந்தால் ஒரு வாரம் போய்விடும்.

துருவேறிய போல்ட்டுகளுக்கு முதல்நாள் மாலையிலேயே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் சுத்தியலால் லேசாகத் தட்டிவிட்டுத் திருகினால் பாதி மனம் இளகிவிடும். இந்தக் காரில் 10, 12, 14, 17 மில்லிமீட்டர் ஸ்பேனர்களே பெரும்பாலும் வேலை செய்யும். கூட்டல் குறி போட்ட ஸ்குருக்கள் ஜப்பானிய அளவில் வெட்டப்பட்டவை. சாதாரண ஸ்குரு டிரைவர் நழுவி, தலையைக் கடித்துவிடும். நன்றாக அழுத்திக்கொண்டு திருப்பவேண்டும்.

கழற்றிய போல்ட்டைக் கூடுமானவரை அது இருந்த துளையிலேயே இரண்டு சுற்றுத் திருகி வையுங்கள். மற்றவற்றுக்கு மைலோ டின்களும் ஒட்டுத்தாளும் போதும். 'இடது முன்கதவு, கீல், 4 போல்ட்டு' என்று எழுதி ஒட்டவேண்டும். கைப்பேசி உள்ளவர்கள் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். இந்த எழுத்து வேலையைப் பள்ளிக்குப் போகும் பெண்ணிடமோ பையனிடமோ கொடுங்கள். நோட்டு வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்து எழுதும் பிள்ளை, இரண்டு மாதத்தில் காரின் உறுப்புகளைப் பெரியவர்களைவிட நன்றாகச் சொல்லும்.

இன்னொரு யுக்தி. பின்சக்கரப் பிரேக்குக்குள் ஸ்பிரிங்குகள் பல இருக்கும். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் பிரிக்காதீர்கள். ஒரு பக்கத்தைப் பிரித்தால் மறுபக்கம் மாதிரியாக நிற்கட்டும். பிரேக் தூசியை வாயால் ஊதவேண்டாம். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கலாம், அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். மின்கம்பிகளையும் வெட்டி எடுக்கக்கூடாது. அவசரத்தில் கத்தி வைப்பவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு கொக்கி இருக்கும். அதை அழுத்தி உருவினால் கம்பிக்கட்டு முழுதாக வரும். முழுக் கம்பிக்கட்டு, உதிரிக்காரில் கிடைக்கும் செல்வங்களில் ஒன்று.

வேறு எதையெல்லாம் எடுத்து வைக்கலாம்? கதவு, கண்ணாடி, கண்ணாடியைத் தூக்கும் கருவி, பூட்டு, சுவிட்சுகள், விளக்குகள், டேஷ்போர்டு, இருக்கைத் தண்டவாளம், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், டிஸ்டிரிபியூட்டர், கார்பரேட்டர் எல்லாம் எடுக்கலாம். நாம் மதிக்காத சின்னக் கிளிப்புகளையும் எடுங்கள். கடையில் கிடைக்காதவை அவைதாம்.

எடுக்கக்கூடாதவையும் உண்டு. பிரேக் கட்டை, பிரேக் ரப்பர்க் குழாய், பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர், டைமிங் பெல்ட், ஸ்டியரிங் முட்டுகள், இருக்கைப் பட்டி, டயர் இவை பார்வைக்கு நன்றாக இருந்தாலும் புதியதே வாங்கவேண்டும். ரப்பரைப் பற்றி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடாமல் நின்றாலும் வெயிலில் அது வெடித்துப்போகும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருக்கிறதென்று பத்துப் பன்னிரண்டு வருடத்து டயரை மாட்டிக்கொண்டு, குடும்பத்தை ஏற்றி நெடுஞ்சாலையில் போவது எந்தக் கணக்கிலும் சிக்கனமாகாது.

கழிவெண்ணெயை வாய்க்காலில் ஊற்றவேண்டாம். 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அட்டவணையிட்ட கழிவுகளில் ஒன்று. கேனில் சேர்த்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன; பழைய பேட்டரி வாங்கும் கடைக்காரர் அதற்குக் காசே கொடுப்பார்.

கடைசியில் வெறுங்கூடு மிஞ்சும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கூட்டில் மழைநீர் தேங்கினால் ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசு பெருகும். வரிசை வீடு முழுவதற்கும் டிங்கிக் காய்ச்சல் வரலாம். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. எல்லாம் எடுத்தாயிற்று என்றதும், சாலைப் போக்குவரத்து இலாகாவில் அந்தக் காரின் பதிவை நீக்குவதற்கான வழியைக் கேட்டுச் செய்துவிட்டு, கூட்டைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

சிலர் ஒரு குறுக்கு வழி சொல்லுவார்கள். சேசிஸ் எண் பொறித்த தகட்டை ஒரு காரிலிருந்து வெட்டி இன்னொன்றில் ஒட்டவைக்கலாம் என்பார்கள். அது குற்றம், அதைச் சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். உதிரிக்காரின் எஞ்சினை நம் காரில் வைத்தால் எஞ்சின் எண் மாறும். அந்த மாற்றத்தைச் சோதனைக்குக் காட்டி, இலாகாவில் பதிவு செய்யவேண்டும். அதற்கு உதிரிக்காரின் பத்திரமும், வாங்கிய ரசீதும் கேட்பார்கள் என்பதால் இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உங்கள் வீட்டுப் பத்திரங்களோடு அலமாரியில் வையுங்கள். சோதனையும் காப்புறுதியும் முடிந்து சீட்டு கைக்கு வரும்வரை, பக்கத்துக் கடைக்குத்தானே என்று கூட அந்தக் காரைச் சாலையில் இறக்கவேண்டாம்.