வியப்பும் விளையாட்டும்

(திருவிழாவையொட்டிச் செந்தூல் ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா மேடைகளில் பேசுவோர் இளையோரை நோக்கிப் பேசுவதே வழக்கம். படியுங்கள், ஒழுக்கமாய் இருங்கள், பெரியோரைப் பின்பற்றுங்கள் என்று அறிவுரை கூறுவோம். இன்று அவ்வழக்கத்தைச் சற்றே மாற்றி, பெரியோராகிய நம்மை நோக்கிச் சில சொற்கள் கூற விழைகிறேன். பிள்ளைகளிடமிருந்து நாம் திரும்பப் பெறவேண்டிய செல்வம் ஒன்று உண்டு. கண்டதைக் கண்டு வியக்கும் கண்ணும், பயன் கருதாது விளையாடும் உள்ளமுமே அச்செல்வம்.

கைத்தடியின் பெயர்

புறநானூற்றின் 243ஆம் பாடலை ஒரு முதியவர் பாடியுள்ளார். மணலிலே பாவை செய்து அதற்குப் பூச்சூட்டியதும், குளத்தில் ஆடிய மகளிரோடு கைகோத்து ஆடியதும் அவர் நினைவுக்கு வருகின்றன. நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்போர் வியக்கும்படி ஆழ்நீரில் பாய்ந்து, அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்த அந்த இளமை இன்று எங்கே என்று அவர் ஏங்குகிறார். இப்போது அவருக்கு எஞ்சியிருப்பவை இருமலும், இருமலுக்கிடையே சில சொற்களும், ஊன்றி நடக்க ஒரு தண்டும்.

அப்புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலில் அவர் தம் ஊன்றுகோலைக் குறித்த தொடரைக் கொண்டே தொடித்தலை விழுத்தண்டினார் என்று வழங்குகிறோம். குளத்தில் பாய்ந்த சிறுவனின் பெயர் மறைந்தது. கிழவரின் கைத்தடியின் பெயரே நிலைத்தது. ஆயினும் அவர் இழந்தது உடல் வலிமையை மட்டுமே. கைப்பிடி மணலைக் கண்டு மகிழ்ந்த மனம் அவரிடம் இறுதிவரை இருந்தது. இருந்ததனால்தான் இப்பாட்டு பிறந்தது. நாமோ முப்பது வயதிலேயே, கால்கள் வலுவாக இருக்கும்போதே, அந்த மனத்தைத் தொலைத்து விடுகிறோம். உடலின் முதுமை இயற்கை. உள்ளத்தின் முதுமை நாமே வரவழைத்துக் கொள்வது.

அமைச்சர் பாடிய விளையாட்டுப் பாட்டு

விளையாட்டு சிறுவர்க்கே உரியது என்று நம் முன்னோர் எண்ணவில்லை. மாணிக்கவாசகப் பெருமானைப் பாருங்கள். பாண்டியன் அவையில் அமைச்சராய் வீற்றிருந்து, தென்னவன் பிரமராயன் எனப் பட்டம் பெற்றவர், கல்வியிற் சிறந்தவர். அவர் இறைவனைப் பாட எடுத்துக்கொண்ட வடிவங்கள் யாவை? திருவம்மானை, காய்களை மேலே வீசிப் பிடித்தாடும் மகளிர் ஆட்டம். திருப்பூவல்லி, பூக்கொய்து பாடுவது. திருப்பொன்னூசல், ஊஞ்சலாட்டம். திருவுந்தியாரும் திருத்தோணோக்கமும் மகளிர் விளையாட்டுகளைத் தழுவியவையே. உள்ளம் உருகிய ஞானி, தெருவில் ஆடும் பெண்பிள்ளைகளின் பாட்டைக் கடன் வாங்கிக்கொண்டார்.

அவற்றுள் திருச்சாழல் மிகவும் சுவையானது. ஒரு பெண் கேட்பாள், மற்றொருத்தி விடை சொல்வாள். உங்கள் இறைவன் சாம்பலைப் பூசிக்கொண்டு பாம்பை அணிவானேன் என்று ஒருத்தி சீண்ட, தோழி சளைக்காமல் மறுமொழி கூறுவாள். கேள்வி கேட்பது இங்கே குற்றமாகவில்லை. அதுவே வழிபாடாகி விடுகிறது.

இனி நம் நிலையைப் பார்ப்போம். சன்னிதியில் நிற்கும் சிறுவன் ஒருவன் தந்தையின் கையைப் பற்றி, “அப்பா, மயில் ஏன் பாம்பைக் காலில் பிடித்திருக்கிறது?” என்று கேட்கிறான். “பேசாமல் கும்பிடு” என்பதே நம்மில் பலர் கூறும் விடை. விடை தெரியாமை தவறன்று. ஆனால் அந்தக் கேள்வி நம் நெஞ்சில் எழாமற் போனது எப்போது என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

நம் சமயம் இறைவனின் செயலையே விளையாட்டு என்றது. பரஞ்சோதி முனிவர், மதுரைச் சொக்கநாதர் நிகழ்த்திய 64 அருட்செயல்களைத் திருவிளையாடற் புராணமாகப் பாடினார். பிட்டுக்கு மண் சுமக்க வந்த பெருமான் அந்நூலில் வேலையை மறந்து ஆடுகிறார், பாடுகிறார், உறங்குகிறார், பிரம்படியும் பெறுகிறார். குமரகுருபரர், வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமாரசுவாமி மீது பிள்ளைத்தமிழ் பாடினார். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பவை. சிறுமியர் கட்டிய மணல்வீட்டை மிதிக்காதே என்று வேண்டுவதும், சிறுபறை முழக்கச் சொல்வதும், விளையாட்டுத் தேரை உருட்டச் சொல்வதும் அங்கே பக்தியாகின்றன.

திருவிழாவில் நாம் செய்வதும் இதுதானே? சூரசம்ஹாரத்தில் சூரனுக்குத் தலை மாற்றி மாற்றிப் பொருத்துகிறோம். சுவாமியை ஊஞ்சலில் இருத்தித் தாலாட்டுகிறோம். அலங்கரித்த தேரை நரைத்த தலையினர் ஆரவாரத்துடன் வடம்பிடித்து இழுக்கின்றனர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பெரியவர்கள் வெட்கமின்றி விளையாடட்டும் என்று முன்னோர் வகுத்த ஏற்பாடாகவே இதனை நான் காண்கிறேன்.

கடல் ஏன் நீலமாயிருக்கிறது?

வியக்கும் மனம் வழிபாட்டுக்கு மட்டும் உதவுவதன்று. திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமன் 1907 முதல் பத்தாண்டுகள் இந்திய நிதித்துறையில் அதிகாரியாகப் பணியாற்றினார். கல்கத்தாவில் இருந்த காலத்தில் அலுவலகத்திற்குச் செல்லுமுன்னும், திரும்பிய பின்னும் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து வீணை, வயலின் முதலிய கருவிகளின் ஒலியை ஆராய்ந்தார். பல தோற்கருவிகளில் எழாத இனிய சுரம் மிருதங்கத்தில் எழுவதேன் என்று ஆராய்ந்து, வலந்தலை நடுவிலுள்ள கரும்பூச்சின் சிறப்பை எடுத்துரைத்தார். எத்தனை கச்சேரிகளை நாம் கேட்டிருக்கிறோம்! அந்தக் கரிய வட்டம் எதற்கு என்று எத்தனை பேர் கேட்டோம்?

1921இல் அவர் கப்பலில் பயணம் செய்தபோது மத்தியதரைக் கடலின் நீலம் அவர் கண்ணைக் கவர்ந்தது. வானத்தின் நிறமே கடலில் தெரிகிறது என்பது அக்காலத்து அறிஞர் கூற்று. அவ்விடையோடு அவர் அமையவில்லை. கையிலிருந்த சிறு பளிங்குக் கருவியால் நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியை விலக்கிப் பார்த்தார், நீலம் மறையவில்லை. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று தெளிந்தார். அன்று தொடங்கிய தேடல் 1928 பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவாக மலர்ந்து, 1930இல் நோபல் பரிசையும் பெற்றுத் தந்தது. ஐந்து வயதுப் பிள்ளை கேட்கும் கேள்வியை, முப்பத்திரண்டு வயதுப் பேராசிரியர் வெட்கப்படாமல் கேட்டார். அவ்வளவே.

ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். சிறுபிள்ளைத்தனம் வேறு, பிள்ளையுள்ளம் வேறு. பொறுப்பைத் தட்டிக்கழிப்பதும், அற்ப காரியத்திற்கு முறுக்கிக்கொள்வதும் சிறுபிள்ளைத்தனம். பொறுப்பைச் சுமந்துகொண்டே புதியதைக் காணும் ஆர்வம் பிள்ளையுள்ளம். இராமன் கணக்கேடுகளைக் கைவிட்டு ஆராயவில்லை. கணக்கு முடிந்தபின் ஆராய்ந்தார்.

நம் செந்தூலில்

“வயிற்றுப்பாட்டுக்கே நேரமில்லை, விளையாட்டுக்கு ஏது நேரம்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் பாட்டன் பாட்டிமாரை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்கள் இரவிலே தோட்டத்து லயங்களின் முன்பு கும்மியடித்தார்கள், கோலாட்டம் ஆடினார்கள், தெருக்கூத்துக் கட்டினார்கள். செந்தூல் இரயில்வே பட்டறையில் இரும்போடு போராடியவர்களும் மாலையில் திடலுக்கு வந்தார்கள். அவர்களுக்கு ஓய்வு மிகுதியாய் இருந்ததனால் ஆடவில்லை; ஆடாவிட்டால் அந்த வாழ்வைத் தாங்க முடியாது என்பதனால் ஆடினார்கள்.

இன்று பட்டறை இங்கில்லை. இரயில்வேயின் பழைய கட்டடம் ஒன்று 2005 முதல் நாடகக் கலையரங்கமாகத் திகழ்கிறது. வேலை செய்த இடத்திற்கு நடிப்பும் பாட்டும் வந்திருக்கின்றன. நம் வீடுகளுக்கோ விளையாட்டு திரும்பி வரவில்லை. தந்தை கைப்பேசியில், தாய் தொலைக்காட்சியில், பிள்ளை வேறொரு திரையில். ஒரே கூடத்தில் மூன்று தனிமைகள்.

நாம் அன்றாடம் காணாது விட்டவை எத்தனை! மலாய் மொழியில் செந்தூல் என்பது ஒரு பழமரத்தின் பெயர். அம்மரத்தை நம் பிள்ளைகளுக்கு என்றேனும் காட்டியிருக்கிறோமா? 1989இல் வெளிவந்த மலேசியக் காசு வரிசையை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். ஐந்து காசில் பம்பரம். பத்துக் காசில் நம் பல்லாங்குழியை ஒத்த சோங்காக் பலகை. ஐம்பது காசில் வாவ் என்னும் நிலாப் பட்டம். 2012இல் புதிய வரிசை வரும்வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் விளையாட்டுப் பொருள்களையே கையில் வைத்து எண்ணிக் கொண்டிருந்தோம். எண்ணியது தொகையை, பார்க்காதது படத்தை. கிளந்தானில் அறுவடை முடிந்ததும் வளர்ந்த ஆண்களே பெரிய பம்பரங்களைச் சுழற்றிப் போட்டியிடுவது மரபு. ஒரு மணி நேரத்திற்கும் மேலாகச் சுழலும் பம்பரங்கள் அங்கே உண்டு. அவர்களை யாரும் சிறுபிள்ளைகள் என்று நகைப்பதில்லை.

ஆகவே அன்பர்களே, பெரிய காரியம் எதனையும் நான் வேண்டவில்லை. வாரத்தில் ஒரு மாலை பல்லாங்குழியை எடுத்துத் தரையில் அமருங்கள். பிள்ளையிடம் தோற்றுப் பாருங்கள். வீட்டில் முதியவர் இருந்தால், அவர் சிறுவயதில் என்ன விளையாடினார் என்று கேளுங்கள். கேட்பாரின்றி எத்தனையோ குளங்களும் மருதமரங்களும் அந்த நெஞ்சங்களில் புதைந்து கிடக்கின்றன. பிள்ளை கேள்வி கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிடில், “வா, இருவரும் தேடிப் பார்ப்போம்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லில் தந்தையும் தோழனாகிறான்.

பழனியாண்டவன் ஞானபண்டிதன் எனப் போற்றப்படுபவன். தந்தைக்கே உபதேசம் செய்த சுவாமிநாதனும் அவனே. நாவற்கனி சுட்டதா, சுடாததா என்று கேட்டுத் தமிழ் மூதாட்டி ஔவையை நாணச் செய்ததாகக் கதை போற்றுவதும் மாடு மேய்க்கும் சிறுவனாக வந்த அவனைத்தான். ஞானம் குழந்தை வடிவில் வந்து கேட்கிறது. அதற்குச் செவிகொடுக்கும் பணிவு நமக்கு வாய்க்க அப்பெருமான் திருவருள் துணைநிற்பதாகுக என வேண்டுகிறேன்.