எண் அழைக்கும் முன் ஒரு வார்த்தை

(நம் பங்கின் பொன்விழா நிகழ்ச்சிகளுள் ஒன்றாக, நவம்பர் 14 மாலை பள்ளி மண்டபத்தில் நடைபெற்ற ஹவுசி விளையாட்டின் தொடக்கத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கையில் சீட்டும் பேனாவுமாகக் காத்திருக்கும் கூட்டத்தின் முன் நீண்ட பிரசங்கம் செய்வது ஆபத்தான காரியம். பின்வரிசை இளைஞர்கள் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஆகவே சொல்லவேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

முதலில் ஒரு வழக்கைத் தீர்க்கவேண்டும். பங்குப் பேரவையில் இந்த விளையாட்டைப்பற்றிப் பேச்செடுத்தபோது பெரியவர் ஒருவர் எழுந்தார். “சாமி, 2003-இல் அரசாங்கமே லாட்டரிச் சீட்டை ஒழித்துவிட்டது. கோயில் வளாகத்துக்குள் நாம் அதைத் திரும்பக் கொண்டுவரலாமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. லாட்டரிச் சீட்டில் குடும்பத்தைத் தொலைத்தவர்கள் இந்தப் பங்கிலும் இருந்தார்கள். திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதில் தெளிவாகவே இருக்கிறது. இத்தகைய விளையாட்டுகள் தம்மிலே நீதிக்கு மாறானவையல்ல. ஒருவன் தன் பிழைப்புக்கும் தன்னை நம்பியிருப்போர் பிழைப்புக்கும் வேண்டியதை அதில் இழக்கும்போதுதான் அது தவறாகிறது. எனவே சில விதிகளை வைத்தோம். சீட்டு 50 ரூபாய். ஒருவருக்கு இரண்டு சீட்டுக்கு மேல் இல்லை. கடனுக்குச் சீட்டு இல்லை. பரிசு பணமாகவும் இல்லை. குக்கர், நாற்காலி, அரிசி மூட்டை இப்படித்தான். விதிகளைக் கேட்ட பின் அந்தப் பெரியவரே இரண்டு சீட்டு வாங்கி முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்!

தம்போலாவுக்கும் குருக்களுக்கும் பழைய உறவு உண்டு என்று சொல்வார்கள். 1734-இல் நேப்பிள்ஸ் நகரில் சார்லஸ் மன்னர் லாட்டரி நடத்த விரும்பினாராம். சாமிநாதர் சபைக் குருவான ரோக்கோ அடிகளார் அதைக் கடுமையாக எதிர்த்தாராம். கடைசியில், கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் லாட்டரியை நிறுத்திவைப்பது என்று உடன்பாடு. மக்கள் சும்மா இருப்பார்களா? அந்த வாரத்தில் வீட்டுக்குள்ளேயே எண்களைக் கூடையில் போட்டுக் குலுக்கி விளையாடத் தொடங்கினார்களாம். இப்படி, எதிர்த்த குருவே இந்த விளையாட்டுக்குக் காரணமாகிவிட்டார். நான் எதிர்க்காமலே காரணமாகியிருக்கிறேன், அவ்வளவுதான் வேறுபாடு.

இனி, இதை ஏன் நடத்துகிறோம் என்பதற்கு வருகிறேன். இது எனக்குச் சொல்ல எளிதான கதையல்ல.

குருப்பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டு, வேறோர் ஊரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். முதல் நற்கருணைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்யும் வகுப்பு என் பொறுப்பு. அதில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, வகுப்பு நடக்கும்போதே மூன்று முறை வெளியே போகவேண்டும் என்று கேட்பாள். போய் வந்ததும் நேரே தண்ணீர்க் குழாய்க்குப் போவாள். பாடத்தில் மனமில்லாத பிள்ளை என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு அவள் நான்காம் முறை கேட்டபோது எல்லார் முன்னிலையிலும் கடிந்து உட்காரவைத்தேன். அவள் உட்கார்ந்த இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. வயிற்றுவலி, வாந்தி என்றார்கள். ஓரிடத்தில் வயிற்றுக்கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சோர்வாக இருக்கிறாளே என்று வீட்டில் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. முதல் நற்கருணைக்கென்று தைத்த வெள்ளை உடுப்பில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். அடக்கப் பூசையை நிறைவேற்றியவன் நான்தான்.

பல நாள் கழித்து ஒரு மருத்துவரிடம் இதைச் சொன்னேன். “அது சர்க்கரை நோய், ஃபாதர்” என்றார். சிறுபிள்ளைக்குச் சர்க்கரையா என்று கேட்டேன். தத்துவமும் இறையியலும் கற்றுத்தந்த குருமடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

நம்மில் பலருக்கு நாற்பது, ஐம்பது வயதில் வருகிற சர்க்கரை வேறு; இது வேறு. நோயை எதிர்க்கவேண்டிய உடலின் காவல் படையே தவறிப்போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதல்ல. தாய் செய்த குற்றமல்ல. பாவத்தின் தண்டனை நிச்சயமாக அல்ல. அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், உடல் மெலிவு, நின்றுபோன பழக்கம் திரும்பி வந்து படுக்கையை நனைப்பது, இவற்றைக் கண்டால் அன்றைக்கே இரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். வாந்தியும் மூச்சுவாங்கலும் வந்துவிட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

பேரவையில் இரண்டாவது வழக்கும் எழுந்தது. “ஆராய்ச்சிக்கு ஏன் சாமி கொடுக்கவேண்டும்? பிள்ளைகளுக்கு ஊசி வாங்கிக் கொடுத்தால் புண்ணியமாகுமே” என்று அன்னையர் குழுவினர் கேட்டார்கள். நான் அவர்களுக்கு டொரன்டோ நகரத்துக் கதையைச் சொன்னேன். 1921-க்கு முன் இந்நோய் கண்ட குழந்தை பிழைக்க வழியே இல்லை. பட்டினி போட்டுச் சில மாதங்களை நீட்டுவார்கள். எலும்பும் தோலுமாகச் சாகும். அந்தக் கோடையில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் பேராசிரியர் மெக்லியாடின் ஆய்வுக்கூடத்தில் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அதை ஏற்றினார்கள். முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. காலிப் என்பவர் சாற்றை மேலும் தூய்மையாக்கினார், இரண்டு வாரத்துக்குள் மறுபடி ஏற்றினார்கள், பையன் தேறினான். காப்புரிமையை ஆளுக்கு ஒரே ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு விற்றுவிட்டார்கள். அன்று யாரோ ஆராய்ச்சிக்கு இடமும் பணமும் கொடுத்திராவிட்டால், இன்று நாம் வாங்கிக் கொடுக்க ஊசியே இருந்திராது. 2022-இல், நோய் முற்றாக வெளிப்படுவதைச் சராசரியாக இரண்டாண்டுகள் தள்ளிப்போடும் ஒரு மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு பிள்ளைக்கு ஊசியில்லாத இரண்டு ஆண்டுகள் சிறிய காரியமா? நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2006 முதல் இளம் வயது நோயாளிகளைப் பதிவு செய்து ஆராய்ந்து வருகிறது.

நன்றாகத்தான் வாதாடினேன். ஆனாலும் வாக்கெடுப்பில் பாதி தோற்றேன். அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசமாகக் கிடைத்தாலும், வீட்டில் நாளுக்கு நான்கைந்து தடவை சர்க்கரை பார்க்கும் பட்டைகளுக்குக் கைக்காசுதான் என்று ஒரு தாய் சொன்னாள். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. எனவே வசூலில் பாதி நம் மாநிலத்திலேயே ஆராய்ச்சி நடத்தும் ஒரு மருத்துவ நிலையத்துக்கு, மறுபாதி பட்டைகளுக்கு. கணக்கு அடுத்த ஞாயிறு கோயில் விளம்பரப் பலகையில் ஒட்டப்படும்.

அந்தத் தாயைப்பற்றி இன்னும் ஒரு சொல். அவள் அனுமதியோடுதான் பேசுகிறேன். தன் மகளுக்கு இந்நோய் இருப்பதை மூன்று ஆண்டுகளாக அன்பியத்தாரிடம்கூட அவள் சொல்லவில்லை. “பெண் பிள்ளை, சாமி. நாளைக்கு எவன் கட்டுவான்?” என்றாள். ஊசி போடும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்வார்களாம். விருந்தாளி வந்துவிட்டால் ஊசி தள்ளிப்போகுமாம். நம் நாக்குக்குப் பயந்து ஒரு குழந்தையின் மருந்து தள்ளிப்போகிறது, பாருங்கள்! ஊசி ஒழுங்காகப் போட்டுக்கொள்ளும் பெண் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், மருத்துவரின் கவனிப்போடு பிள்ளையும் பெறலாம். பெண் பார்க்கும் வேலையில் தேர்ந்த அத்தைமார், சித்திமார் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு: வெளியே போகவேண்டும் என்று எந்தப் பிள்ளை கேட்டாலும் அனுப்புங்கள். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசம் நோயாளிகளைக் கட்டுப்படுத்தாது. திருச்சபைச் சட்டம் 919 அதைச் சொல்கிறது. பூசை நடுவே ஒரு பிள்ளைக்கு வியர்த்து, கை நடுங்கினால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுங்கள். மயங்கிக் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். சக்ரீஸ்தில் சர்க்கரை டப்பா வைத்திருக்கிறோம். கோயில்பிள்ளை அதைத் தம் தேநீருக்கு எடுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

இன்று குழந்தைகள் தினம். இன்சுலினைக் கண்ட பான்டிங் பிறந்த நாளும் இதுவே என்பதால் உலக நீரிழிவு நாளும் இதுதான். இடைவேளையில் சுண்டலும் மோரும் உண்டு.

சீட்டில் 15 எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து, மூன்று வரிசைகள், கடைசியாக முழு வீடு. எண் அழைத்து முடிப்பதற்குள் கத்துகிறவர்களின் சீட்டு செல்லாது. பேனா இல்லாதவர்கள் கையை உயர்த்துங்கள்; பீடச்சிறுவர் கொண்டுவந்து தருவார்கள். முதல் எண்ணை அந்தத் தாயின் மகள் எடுக்கிறாள். அம்மா, மேடைக்கு வா.